நாற்பது நாள் லீவு

"நாப்பது நாள்தானே கேக்கறாங்க? என்னமோ நாலு வருஷம் கேட்ட மாதிரி இப்படி யோசிக்கறீங்களே!"

சம்மதக் கடிதத்தை டீச்சர் மறுபடியும் அவர் பக்கம் நகர்த்தினாள்.

சாப்பாட்டு மணி அடித்து, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் வெளியே ஓடியிருந்தார்கள். அவர்கள் உட்காரும் குட்டி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார் டயர் கடைக்காரர். பாதி வேலையில் எழுந்து வந்தவர். விரல் இடுக்கில் கறுப்பு அப்படியே இருந்தது.

"வேணாம் டீச்சர். எம் பொண்ணு நடிக்க வேணாம்."

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சினிமா கம்பெனிக்காரர்கள் ஒன்பது பள்ளிக்கூடம் ஏறி இறங்கி, கடைசியில் இவர் மகளைத்தான் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். நாளைக் காலையில் கூட்டிப் போக வண்டி வந்துவிடும். அதற்குள் இந்த மனுஷர் சம்மதிக்க வேண்டும். இப்படி ஒரு வாய்ப்பு வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது கதவைச் சாத்துகிறவரை என்ன சொல்வது?

"படிப்பு கெட்டுப்போகும்னு பயப்படறீங்களா? அட்டென்டென்ஸை நான் பாத்துக்கறேன். விட்ட பாடத்தை நானே உக்கார வெச்சு சொல்லித் தரேன். போதுமா?"

"அதுக்கு இல்ல டீச்சர்..."

"பின்னே எதுக்கு? பொம்பளப் பிள்ளைன்னா? அவங்கம்மாவும் கூடவே வரலாம்னு சொல்லிட்டாங்களே!"

அவர் எதையோ சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டார். டீச்சரும் காத்திருக்கவில்லை.

"யாரு எடுக்கற படம் தெரியுமா? குப்பை பொறுக்கற பிள்ளைங்களைக் கூட்டி வெச்சுப் பாடம் நடத்தற வாத்தியார் கதை, இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி வந்துதே, அதே டைரக்டர்!"

"தெரியும்."

"தெரிஞ்சுமா வேணாங்கறீங்க?"

அந்தப் படத்தைப் பற்றி டீச்சரிடம் வாயைக் கொடுத்தால் தொலைந்தோம் என்று கூட வேலை பார்ப்பவர்கள் நழுவி ஓடிவிடுவார்கள். பாவம், டயர் கடைக்காரர் மாட்டிக்கொண்டார். பதினைந்து வயதில் அக்காவோடு போய்ப் பார்த்தது, வழியெல்லாம் அழுதுகொண்டே வீடு திரும்பியது, பின்னாளில் பேங்க் வேலை கிடைத்தும் உதறிவிட்டு இந்த வேலைக்கு வந்தது என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

"பதினோரு தடவை பாத்திருக்கேன். இந்த வேலையே வேணாம்னு தோணறப்பல்லாம் அதைத்தான் போட்டுப் பாப்பேன். அந்த மாதிரி ஒரு படத்துல உங்க மக முகம் இருக்கப் போகுது. நான் சொன்னா உங்களுக்கு ஏறாது. இருங்க, நீங்களே பாருங்க."

லேப்டாப்பைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

"பாத்திருக்கேன் டீச்சர்."

"பாத்தவர் பேசற பேச்சா இது? கடைசி இருபது நிமிஷம் மட்டும். பிள்ளைங்க வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்."

படம் ஓடியது. இடிந்த சுவர்மேல் சிறுவர்கள் வரிசையாக உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான், வசனம்கூட இல்லாத காட்சி. டீச்சர் தற்செயலாகத் திரும்பினாள். டயர் கடைக்காரரின் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

'இந்தக் காட்சிக்கு யாருமே அழ மாட்டாங்களே' என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. மனுஷர் வழிக்கு வந்துவிட்டார்.

கடைசிக் காட்சி வந்தது. கோணியைத் தோளில் போட்டுக்கொண்டு திரிந்த சின்னப் பையன், வாத்தியார் நீட்டிய சாக்பீஸை வாங்கினான். திரை முழுக்க அந்தப் பிஞ்சுக் கை. ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரைக் கரும்பலகையில் எழுதியது. வாத்தியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். பன்னிரண்டாவது தடவையும் டீச்சருக்குக் கண் நிறைந்தது.

டயர் கடைக்காரர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அட, இதைப் பாக்காம அங்க என்ன பார்வை?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள் டீச்சர். "வருஷா வருஷம் எம் பிள்ளைங்களுக்கு இந்தப் பையனைப் பத்திதான் சொல்லுவேன். இன்னேரம் எங்கேயோ பெரிய ஆளா இருப்பான். ஒரு படம் ஒரு பிள்ளையோட தலையெழுத்தையே மாத்திடும்ங்க. உங்க மகளுக்கு அது வேணாமா?"

அவர் பெஞ்சிலிருந்து மெல்ல எழுந்தார். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எங்கப்பாகிட்டயும் நாப்பது நாள்னுதான் டீச்சர் சொன்னாங்க. ஏழு மாசம் இழுத்துட்டாங்க. திரும்பி வந்தா, ஸ்கூல்ல ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து எம் பேரை அடிச்சிருந்தாங்க. அப்புறம் சேத்துக்கவே இல்ல."

டீச்சர் திரையைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"படம் முழுக்க நான்தான். அந்தப் பேரை எழுதற கை மட்டும் வேற பையனோடது. எனக்கு எழுத வரலைன்னு அவனை வெச்சு எடுத்தாங்க. இன்னிக்கு வரைக்கும் வரல டீச்சர்."