நாற்பது நாடாளுமன்றங்கள்

“யக்கா, ஒங்க கால்ல வேணும்னாலும் விழுதேன். இந்த நாப்பது கவரும் இன்னைக்கே போயாவணும்!” வனமாமலை கவுன்ட்டர் கம்பியைப் பிடித்த பிடியை விடவே இல்லை.

“கால்ல வியுந்தா சர்வர் வந்துருமா? மத்தியானத்துலேர்ந்து ஸ்பீடு போஸ்ட் எதுவுமே ஏறல,” என்றாள் தபால் எழுத்தர் அன்னபுஷ்பம். “ஸ்டாம்பு ஒட்டிக் குடு. அஞ்சு மணிக்குப் போற கட்டுல இன்னைக்குத் தேதி முத்திரை வியுந்துரும்.”

“அப்ப ஸ்டாம்பக் குடுங்க!”

“அதான் காலைலயே தீந்துபோச்சேப்பா.”

மணி நாலு நாற்பது. வனமாமலை சுவர்க் கடிகாரத்தையே பார்த்தான். நாங்குநேரியிலிருந்து ஒரகடத்துக்கு வந்து, சேரப்பணஞ்சேரியில் ஒரே ரூமில் எட்டுப் பேரோடு படுத்து, கார் உதிரிபாகக் கம்பெனியில் ட்ரெய்னியாக மாடாய் உழைத்ததெல்லாம் இந்த இருபது நிமிஷத்தில் பாழாய்ப் போவதா?

ஷிஃப்ட் முடிந்து கிளம்பியவனை எச்.ஆர். அதிகாரி மணிகண்டபிரபுதான் கூப்பிட்டு, ஒட்டிய கவர்க் கட்டைக் கையில் கொடுத்தார். “இன்னைக்குத் தேதில போகலன்னா அத்தனையும் வேஸ்ட். உன்னை நம்பித்தான் தர்றேன்.” மேலே பார்த்தால், அவன் பேட்ச் பசங்க நாற்பது பேரின் வீட்டு முகவரி!

அன்னபுஷ்பத்தின் மேசையில் ஒரு ஷீட் கிடந்தது. வட்டமாய், தூண் தூணாய், பழைய நாடாளுமன்றக் கட்டடம். நாற்பதுக்குக் குறையாத ஸ்டாம்பு, ஒவ்வொன்றும் ஐந்து ரூபாய்.

“அது என்னதுக்கா?”

“ஐய, அத்த கேக்காத. தண்டலம் காலேஜுல லைப்ரரியனா இருந்து ரிட்டயர் ஆன கிறிஸ்துதாஸ் சார் சொல்லி வெச்சது. சனங்க ஓட்டுப் போடுற ஒவ்வொரு நாட்டுலயும் முக்கியமான கட்டடம் எதுவோ, அந்த ஸ்டாம்பா தேடிச் சேக்குறாரு. இதுக்கு மூணு மாசமா நடையா நடக்குறாரு. தோ, அவரே வந்துட்டாரு!”

குடையை மடக்கிக்கொண்டு வந்த பெரியவரின் கையை வனமாமலை பாய்ந்து பிடித்தான். “ஐயா! நானூத்தி எம்பது நாள் வேல பாத்தா நெரந்தரமாக்கணும்னு சட்டம் இருக்கு. நாளையோட எங்களுக்கு அது முடியுது. அந்த லெட்டர்தான் இது. இன்னைக்கு முத்திர விழலன்னா நாப்பது குடும்பம் நடுத்தெருவுல நிக்கும்யா!” சொல்லும்போதே அழுதுவிட்டான். யார் பார்த்தால் என்ன?

“முழு ஷீட்டுப்பா... கிழிச்சா போச்சே,” என்றார் கிறிஸ்துதாஸ். ஷீட்டை வாங்கி ஒருமுறை தடவிப் பார்த்தார். மனுஷனுக்கு மனசே வரவில்லை.

அப்புறம் என்ன நினைத்தாரோ, துளை வரிசை பார்த்து அவரே மடித்துக் கிழித்தார். “ஓட்டுப் போட்டவனுக்கு ஒதவாத பார்லிமென்ட்டு என் ஆல்பத்துல இருந்து இன்னா பண்ணப் போவுது? ஒட்டுப்பா, சீக்கிரம்!”

மூன்று பேரும் சேர்ந்து ஒட்டினார்கள். விரலெல்லாம் கோந்து. தன் பேர் போட்ட கவரைக் கடைசியாக எடுத்து, ஒட்டி, ஒரு முத்தமும் கொடுத்தான் வனமாமலை. அன்னபுஷ்பம் டக் டக்கென்று முத்திரை குத்தி முடிக்கவும் தபால் வண்டி வரவும் சரியாக இருந்தது.

வண்டி போன திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மூச்சு வாங்க எச்.ஆருக்கு போன் அடித்தான். “சார், நாப்பதும் போயிருச்சு! எங் கண்ணு முன்னாலயே முத்திர விழுந்துச்சு!”

“சபாஷ்டா! பெரிய தலைவலி தீர்ந்துச்சு.”

“நாளைக்கு எனக்கு எந்த ஷிஃப்ட் சார்?”

“நாளைலேர்ந்து உங்க நாப்பது பேர்ல யாரும் வர வேணாம்.”