முதலில் அக்கா

"மெஷினை ஆன் பண்ணட்டுமா?" என்று கேட்ட சலூன்காரருக்குத்தான் பயம். நாற்காலியில் துணி போர்த்தி உட்கார்ந்திருந்த முப்பது வயதுத் தம்பி, வாய்க்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தான்.

பயப்படாமல் என்ன செய்வார்? போன மாதம் இதே மெஷின் சத்தம் கேட்டு, அலறிக்கொண்டு நடுரோட்டுக்கு ஓடினவன் ஆயிற்றே! லாரிக்காரர் பிரேக் போட்டதால் ஆள் பிழைத்தான்.

அன்றைக்கே அவனுடைய அக்கா விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

"தலையில ஆபரேஷன், தேதி குறிச்சாச்சுண்ணே. மொட்டை அடிச்சாகணும். நாலே வாரம்தான் இருக்கு. அதுக்குள்ள இவனைக் கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கணும்."

பாவம், விவரம் தெரியாத பிள்ளைக்கு இப்படி ஒரு சோதனையா என்று நினைத்துக்கொண்டார் சலூன்காரர்.

முதல் வாரம் தம்பி வாசலோடு நின்றான். அடுத்த வாரம் பெஞ்சு வரை வந்தான். மூன்றாவது வாரம், அணைத்து வைத்த மெஷினைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் முதலில் அக்காதான் உட்காருவாள், பயமில்லை என்று காட்ட. இடுப்பு வரை இருந்த கூந்தல் தோளுக்கு வந்து, இப்போது காதுக்கு மேலேயே ஏறிவிட்டது.

"அவனுக்காக நீங்க ஏம்மா இவ்வளவு வெட்டிக்கிறீங்க?"

"திடீர்னு எது மாறினாலும் மிரளுவாண்ணே. நான் மூக்குக்கண்ணாடி மாத்தினதுக்கே மூணு நாள் கிட்ட வரல."

இன்று நாலாவது வாரம். விடிந்தால் ஆஸ்பத்திரி. இன்றைக்கு மட்டும் தம்பியை முதலில் உட்கார வைத்துவிட்டு, கடிகாரத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெஷின் உறுமியது. தம்பியின் தோள் குறுகியது, கண் இறுக மூடியது. ஆனால் எழுந்திருக்கவில்லை. இருபது வரை எண்ணி முடித்துக் கண்ணைத் திறந்தான்.

"அவ்ளோதானாக்கா?"

சலூன்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சூட்டோடு சூடாக முடித்துவிடலாம் என்று மெஷினை அவன் நெற்றிக்குக் கொண்டுபோனார். அக்கா பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்தாள். தம்பியை எழுப்பிப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, தான் உட்கார்ந்தாள்.

"இவன் பார்க்கப் பார்க்க எடுங்கண்ணே. நாளைக்குத் திடுதிப்புனு மொட்டைத்தலையப் பார்த்தா, இது அக்கா இல்லன்னு ஓடிடுவான்."

"அப்போ... ஆபரேஷன்?"

"எனக்குத்தாண்ணே."