சிவப்புக்கு மட்டும் தீவனம்

தராசுக் கொக்கியில் தொங்கிய கடைசிக் குட்டியும் பன்னிரண்டு கிலோ காட்டியது. செம்பியன் முகம் தொங்கிப்போனது.

டாக்டர் பட்டத்துக்குப் படிக்கும் செம்பியன், கீரப்பாளையம் பக்கத்தில் மலர்க்கொடியின் செம்மறிப் பட்டியைத்தான் ஆராய்ச்சிக்குப் பிடித்திருந்தார். போன வருஷம் கிடா சேர்ப்பதற்கு ஒன்றரை மாதம் முன்பே வந்து, இளம் பெட்டைகள் இருபதில் பத்துக்கு முதுகில் சிவப்புச் சாயம் பூசினார், பத்துக்கு நீலம். சிவப்புக்குத் தினமும் அவர் வாங்கித் தந்த மக்காச்சோளமும் புண்ணாக்கும். நீலத்துக்கு மேய்ச்சல் மட்டும். சினைக்கு முன்னால் தாய் தேறினால்தான் குட்டி தேறும் என்பது அவர் கட்சி.

இப்போது மூன்று மாதக் குட்டிகள் எல்லாம் ஒரே எடை.

"தீவனத்த வித்துட்டீங்களாக்கா?"

மலர்க்கொடிக்குச் சுருக்கென்றது. "வித்துத் தின்ற வூடா சார் இது? எல்லாத்துக்கும்தான் போட்டேன்."

"எல்லாத்துக்கும்னா?"

"நீலத்துக்கும். பத்து திங்கிறத பத்து பாத்துக்கினே நிக்குது சார். பத்தாததுக்கு எங்க உளுந்து ஒடச்ச பொட்டையும் கலந்துட்டேன். நீங்க பூசின சாயம் அதுங்க வயித்துக்குத் தெரியுமா?"

செம்பியன் அரை மணி நேரம் பேசினார். ஆராய்ச்சி என்பது தவம் என்றார். அதில் குன்றிமணி அளவு பொய் கலந்தாலும் நாளைக்கு நாட்டிலுள்ள ஆடுகளுக்கெல்லாம் யார் பதில் சொல்வது என்று கேட்டார். இரக்கம் வேறு, நேர்மை வேறு என்று பிரித்துக் காட்டினார்.

மலர்க்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு வருஷமாகக் கடலூரிலிருந்து வெயிலில் பைக்கில் வந்து போன பிள்ளை. தன் கை சும்மா இல்லாமல் அதன் படிப்பில் மண்ணைப் போட்டுவிட்டதே.

"மறுபடி ஆரம்பிங்க சார்" என்றாள். "இந்தத் தபா மனசக் கல்லாக்கிக்கினு பத்துக்கு ஒரு பிடிகூடப் போடமாட்டேன். என்னால உங்க பட்டம் போவக் கூடாது."

"அதெல்லாம் வேணாங்க்கா" என்றார் செம்பியன், கேமராவைத் துடைத்துக்கொண்டே. "நீலக் குட்டி மூணு கிலோ கம்மின்னு எழுதி, போன மாசமே பைண்டிங் ஆயிடுச்சு. கடைசிப் பக்கத்துல ஒட்ட ஒரு போட்டோதான் பாக்கி. பக்கத்து வூட்ல நோஞ்சான் குட்டி ஏதாச்சும் இருக்குமா?"