பச்சைத் திரை

மூன்றாவது நாளாக ரொக்கியாவின் மூத்திரப்பை காலியாக இருந்தது.

ஊதாத பலூன்போல ஸ்கேன் திரையில் சுருங்கிக் கிடந்தது. கதிர்வீச்சுக்கு முன் அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். பை நிரம்பினால் குடலை மேலே தள்ளிப் பிடித்துக்கொள்ளும். கதிர் கர்ப்பப்பை வாய்க் கட்டியில் போய் விழும். நிரம்பாவிட்டால் குடல் கதிரின் பாதையில் இறங்கி வெந்துபோகும்.

முதல் பத்து நாளும் சரியாக நிரம்பியது. இந்தத் திங்கட்கிழமையிலிருந்துதான் இப்படி.

“மெஷின்ல தப்பில்ல டாக்டர்,” என்றார் அதை இயக்கும் ரிஜுவான். “பாட்டில் தினமும் காலியாத்தான் திரும்பி வருது. இன்னொண்ணு நிரப்பிக் கொடுத்திருக்கேன்.”

மூன்று நாளாகக் கதிர் கொடுக்கவில்லை. இடைவெளி நீண்டால் கட்டி மறுபடி தலைதூக்கும்.

மணி நான்கு இருபது. ஐந்துக்குள் கொடுக்க வேண்டிய மேற்படிப்பு விண்ணப்பம் என் கோட்டுப் பையில் மடிந்திருந்தது. அறுவை சிகிச்சையா, கதிர்வீச்சா? ஒரே ஒரு குறி. ஆயுள் முழுக்க அதுதான் வேலை.

அறுவைப் பிரிவுத் தலைவர் அஸ்மில் மூன்றாம் முறையாக அழைத்தார். “படிவம் எங்க சுரயா? கத்தி பிடிக்கத் தெரிஞ்ச கை. அங்க உட்கார்ந்து பொம்மைப் படம் பார்த்துட்டிருக்கியா?”

காத்திருப்பு அறையின் மூலைக்கு நடந்தேன்.

அங்கே ஒரு பச்சைத் திரை. திங்கட்கிழமை நாங்கள்தான் கட்டினோம். நோன்பு மாதம் தொடங்கியிருந்தது. மலேசியாவின் கோத்தா பாருவில், அத்தனை பேரும் நோன்பிருக்கும் அறையில், நோயாளியே ஆனாலும் தண்ணீர் குடிக்கக் கூசுவாரே என்று.

அன்றிலிருந்து ரொக்கியா குடிப்பதை யாரும் பார்த்ததில்லை.

திரையை விலக்கினேன்.

ரொக்கியா குனிந்து, பாட்டிலைப் பூந்தொட்டிக்குள் கவிழ்த்துக்கொண்டிருந்தார். தொட்டியின் அடித்தட்டு தளும்பி வழிந்தது.

‘குடித்தேன்’ என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. காலி பாட்டிலைத் தூக்கிக் காட்டுவார், அவ்வளவுதான். நோன்போடு பொய் சொல்லக் கூடாதல்லவா.

“நோயாளி நோன்ப விடலாம்னு எனக்கும் தெரியும் மகளே. விட்டத அப்புறம் பிடிச்சுக்கணும். அப்புறம்னு ஒண்ணு எனக்கு இருக்குமா?”

என் நாக்கும் வறண்டுதான் இருந்தது.

தலைமைக் கதிர்வீச்சு மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்து, எல்லாம் சொல்லி, கதிர் நேரத்தை இரவுக்கு மாற்றலாமா என்று கேட்டேன். ரத்தப் பரிசோதனை எப்படி என்றார். நன்றாக இருக்கிறது என்றேன்.

“அப்ப எழுதிக் கொடு.”

“அப்ப நானும் இங்கேயே நோன்பு திறக்கணும்,” என்றார் பின்னால் வந்து நின்ற ரிஜுவான். “பள்ளிவாசல் கஞ்சி உங்க பொறுப்பு டாக்டர்.”

எழுதக் காகிதம் தேடிக் கோட்டுப் பைக்குள் கையை விட்டேன். விண்ணப்பம்தான் வந்தது. காலையிலேயே அதில் அறுவை சிகிச்சைக்குக் குறியிட்டுக் கையெழுத்தும் போட்டிருந்தேன்.

திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் எழுதி, மெஷின் அறைக் கதவில் ஒட்டினேன். ஐந்து மணிக்குள் புதுப் படிவம் ஒன்று வாங்கியாக வேண்டும்.

“ரொக்கியா, இன்று முதல்: 7.25 நோன்பு திறப்பு. அரை லிட்டர் தண்ணீர். 8.25 படம். பை நிரம்பியிருந்தால், கதிர்.”