திரும்பி வந்த மைக்

"ஃபேனை நிறுத்தியாச்சு. ஃப்ரிட்ஜ் வயரையும் பிடுங்கியாச்சு. இனி நான் மூச்சு விடாம இருக்கிறதுதான் பாக்கி" என்றார் வீட்டுக்காரர்.

"மூச்சு விடலாம் சார். கொஞ்சம் மெதுவா விடுங்க" என்றார் மைக்காரர், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

இசைக்கருவிக் கடையில் பல வருஷமாக மைக் விற்று விற்று அவருக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. வாங்கியவர்கள் வீட்டுக்கே வந்து எல்லாவற்றையும் பொருத்திக் கொடுப்பதும் அவர் வேலைதான். இன்றைக்கு மட்டும் வாசல் மணியை அழுத்தவே தயங்கினார்.

காரணம் இருந்தது. இந்த வீட்டம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், சாயங்காலமானால் வயலின். போன வாரம் அவருக்கு மைக் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது இவர்தான். "வீடுன்னா நாலு சத்தம் இருக்கத்தான் செய்யும் மேடம். இது பக்கத்துல வாசிக்கிறதை மட்டும்தான் பிடிக்கும், மத்ததைக் கண்டுக்காது" என்று அடித்துச் சொல்லி அனுப்பினார். மறுநாளே மைக் திரும்பி வந்துவிட்டது.

"இது எனக்குச் சரிப்படாது. ஊசி விழுந்தாலும் பிடிக்கிற மைக் வேணும்" என்று டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டார்.

கடை முதலாளி மைக்காரரைத் தனியாகக் கூப்பிட்டார். "இதுவும் திரும்பி வந்துச்சுன்னா, கூடவே நீங்களும் வீட்டுக்குப் போயிடலாம்."

அந்தப் பயத்தில் வந்த வியர்வைதான் இது. கடையில் இருந்ததிலேயே நுணுக்கமான மைக் ஸ்டாண்டில் ஏறிவிட்டது. கம்ப்யூட்டரில் பதிவு செய்யும் சாஃப்ட்வேரும் திறந்தாயிற்று. மேஜையில் கிடந்த திருத்தாத பரீட்சைத் தாள்கள், சொட்டு மருந்து, சாவிக்கொத்து எல்லாவற்றையும் ஓரமாக ஒதுக்கிவிட்டு ஹெட்போனை நீட்டினார்.

"கேளுங்க மேடம்."

"நான் கேக்கப் போறதில்லை. நீங்க கேட்டுச் சொல்லுங்க."

"வாசிக்கப் போறது நீங்கதானே?"

"அது அப்புறம். முதல்ல சும்மா பதிவு பண்ணுங்க. யாரும் பேசக் கூடாது." டீச்சர் வயலினை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "இன்னைக்கு இது சரிப்பட்டா வயலின் வெளியில இருக்கும். இல்லைன்னா பெட்டிக்குள்ள போய்ப் படுத்துக்கும். அவ்வளவுதான்."

வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டீச்சர் ஒரு பார்வை பார்த்தார். கடைசி பெஞ்ச் மாணவனைப்போல அவர் கப்சிப் ஆனார்.

மைக்காரர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒலியைக் கூட்டினார். ஒன்றுமில்லை. இன்னும் கூட்டினார்.

ம்ம்ம்ம்ம்...

வந்தது வினை. ஹெட்போனைக் கழற்றினால் அறை அமைதியாக இருந்தது. மாட்டினால் அந்த முனகல். வயரை மாற்றிப் பார்த்தார், முனகல் அசையவில்லை. மைக்கை ஸ்டாண்டோடு தூக்கிக்கொண்டு அறையைச் சுற்றினார். பின்பக்கச் சுவரை நெருங்கினால் கூடியது, வாசல் பக்கம் வந்தால் குறைந்தது, அடியோடு ஒழிய மட்டும் மாட்டேன் என்றது.

சாஃப்ட்வேரில் ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் இந்த மாதிரிச் சத்தத்தையெல்லாம் துடைத்து எடுத்துவிடும், யாருக்கும் தெரியாது. அவர் கை மெல்ல மௌஸை நகர்த்தியது.

"அதைத் தொடாதீங்க" என்றார் டீச்சர். எத்தனை பரீட்சை ஹாலைப் பார்த்த கண்!

"எல்லாரும் இந்த வசதி இருக்கான்னுதான் முதல்ல கேப்பாங்க மேடம்..."

"எனக்கு வேண்டாம். உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. ஏதாவது சத்தம் கேக்குதா?"

மைக்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டார். 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை நிலைக்கும். இந்தம்மாதான் ஹெட்போனையே தொட மாட்டேன் என்கிறாரே! ஆனால் டீச்சரின் கண்கள் இவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. அதைப் பார்த்தபிறகு பொய் வாயில் வரவில்லை.

"கேக்குது மேடம். சத்தியமா மைக்ல கோளாறு இல்லை. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ மோட்டார் ஓடுது போல. ஆனா பதிவுல விழுது, மறைக்க மனசு வரலை. நான் மைக்கை எடுத்துட்டுப் போயிடறேன்."

சொல்லி முடித்ததும், வேலை போனாலும் போகட்டும் என்று அவருக்கே மனசு லேசாகிவிட்டது.

டீச்சர் வில்லை எடுத்து, தடித்த தந்தியில் ஒரே சுருதியை நீளமாக இழுத்தார். "இதுவா பாருங்க."

"அதேதான்!" மைக்காரர் துள்ளிவிட்டார். "அச்சு அசலா அதேதான்! நீங்க ஹெட்போனே மாட்டலையே மேடம், எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

வில் கீழே இறங்கியது. டீச்சர் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மைக்கை எடுத்துட்டுப் போறீங்களா? கை வெச்சீங்கன்னா தெரியும் சேதி! போன மைக்கைத் திருப்பிக் கொடுத்ததே, அதுல இந்தச் சத்தம் விழலைன்னுதான்" என்ற டீச்சர், கணவர் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? வெளியில ஒரு சத்தமும் இல்லை, உன் காதுக்குள்ளதான் கோளாறுன்னு நீங்களும் டாக்டரும் மாசக்கணக்கா சொன்னீங்களே... அந்தச் சத்தம் மைக்குக்கும் கேக்குதாம்!"