சிவப்பு வளையம் போட்ட ஜாடி

அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. கொதி வந்தபின் முழுசாக இருபது நிமிடம் விட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். சிகிச்சையில் துவண்டிருந்த அவன் மனைவியின் உடம்பு சின்னக் கிருமியைக்கூடத் தாங்காது. அவள் இறந்து ஆறு வாரம் ஆகிறது. அவன் இன்னும் கடிகாரத்தைப் பார்த்தபடி அடுப்பருகே நிற்கிறான். ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்து காலை வெயில் மங்கலாக உள்ளே வருகிறது. மேடையில் இரண்டு ஜாடிகள். வளையம் இல்லாததில் அவனுக்குக் குழாய்த் தண்ணீர். கழுத்தில் சிவப்பு ரப்பர் வளையம் மாட்டியது அவளுடையது. தினமும் காலையில் அதில் முந்தின நாள் தண்ணீர் வளையம்வரை அப்படியே நிற்கும். அதைக் கொட்டிவிட்டு, புதிதாகக் காய்ச்சி ஆறவைத்து நிரப்புவான். இன்று இன்னும் கொட்டவில்லை. அதற்குள் வெளியூரிலிருந்து வந்திறங்கிய மாமியார், பையை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே வருகிறார். "என்ன மாப்பிள்ளை, தண்ணி காய்ச்சுறீங்களா, கஷாயம் காய்ச்சுறீங்களா? விட்டா பாத்திரம்தான் மிஞ்சும்போல." அவர் கை சிவப்பு வளையத்து ஜாடியை எடுக்கிறது. "அத்தை, அது..." நீட்டிய அவன் கை பாதியில் நிற்கிறது. மாமியார் அண்ணாந்து மடக்மடக்கென்று குடிக்கிறார். தொண்டை ஏறி இறங்குகிறது. பிறகு புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "ஏன், குடிக்கக் கூடாதா?" என்கிறார். தண்ணீர் வளையத்துக்குக் கீழே இறங்கி லேசாக ஆடிக்கொண்டிருக்கிறது. அவன் அதையே பார்க்கிறான். அப்புறம் கடிகாரத்தைப் பார்க்கிறான். "குடிங்க அத்தை. இன்னும் எட்டு நிமிஷம் கொதிக்கணும். ஆறினதும் நிரப்பி வெச்சிடறேன்."