உள்ளூர்ப் பிள்ளை

புத்தளம் பாலாவிச் சந்தியில் நஸ்லாவின் கம்ப்யூட்டர் கடை. மகள் ஸும்ராவைக் கூட்டிக்கொண்டு அவளுடைய பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்ப வந்த லத்தீப் ஹாஜியார், கதிரையில் உட்கார்ந்த நேரம் முதல் பொரிந்து தள்ளினார்.

"மொதலாவது கொழும்பு, ரெண்டாவது பேராதனை, மூணாவது யாழ்ப்பாணம். எல்லாம் மருத்துவம்தான். ஆனா கெடைக்கணுமே! ஒரு மாவட்டத்துக்கு இத்தன இடம் எண்டுதான் குடுக்கிறாங்க. புத்தளத்து இடத்தயெல்லாம் அகதிப் புள்ளயள் அள்ளிட்டுப் போனா, எங்கட புள்ளயள் எங்க போற?"

நஸ்லாவின் விரல்கள் நின்றன. தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் மன்னாரிலிருந்து உடுத்த துணியோடு விரட்டப்பட்டு, புத்தளத்துக்கு அகதியாக வந்த குடும்பம் அவளுடையது. அது ஹாஜியாருக்கும் தெரியும்.

"ஒங்களச் சொல்லல்ல தங்கச்சி. பொதுவாச் சொல்றன்."

"பரவால்ல ஹாஜியார். புள்ள ஏ.எல். படிச்ச பாடசாலை எது?"

ஹாஜியார் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார். ஸும்ரா தலையைக் குனிந்துகொண்டாள்.

"மன்னார்ல..." என்றாள் மெதுவாக.

"அங்க மருத்துவத்துக்கு எடுபட வெட்டுப்புள்ளி கொறவுதானே," என்றார் ஹாஜியார். இப்போது அவர் குரலும் குறைந்திருந்தது. "அதான் மூணு வருசம் அங்க ஊடு எடுத்துப் படிக்க வெச்சன். மாவட்டம் மன்னார் எண்டே போடுங்க."

நஸ்லா தன் ஊரின் பெயரை அந்தக் கட்டத்தில் தட்டினாள்.

"அங்க உள்ள சனம் ஒண்டும் சொல்லல்லயா ஹாஜியார்?"

"சே! தங்கமான சனம். உள்ளூர்ப் புள்ள மாதிரியே பாத்தாங்க."